மார்க்கெட்டிங் ரிசர்ச்: ஸ்கேலிங் யூனிட்டை நான் படித்த விதம்

ரிசல்ட் வந்துவிட்டது. ஏ பிளஸ். அதற்கும் மேலான ஓ கிரேடு எதிர்பார்த்திருந்தேன். ரிவேல்யுவேஷன் போடுகிற பொறுமை இல்லை. எம்.பி.ஏ. ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஸ்கேலிங் யூனிட்டுக்கு (விருப்பம், திருப்தி போன்றவற்றை எண்ணாக அளக்கும் பகுதி) மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றுக்கு சீனியர் நோட்ஸே போதும்.

எனக்கு மனப்பாடம் ஏறாது. வரையறைகளைக் கமா பிசகாமல் எழுதக்கூடியவர்களுக்கு இந்த வழி சுற்றுவழியாகத் தெரியலாம். நான் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வி: இந்த ஸ்கேலில் கிடைக்கும் எண்ணை வைத்து என்ன கணக்குப் போடலாம்?

காபித்தூளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பிராண்டுகளை விருப்ப வரிசையில் அடுக்கச் சொன்னால், முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியாது. அதனால் சராசரி கூடாது. இடைநிலை எடுக்கலாம், இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க ஸ்பியர்மேன் போடலாம். அதே ஆளிடம் 100 புள்ளிகளைக் கொடுத்து மணம், விலை, பாக்கெட் என்று பிரிக்கச் சொல்லுங்கள். மணத்துக்கு 50, விலைக்கு 25 வந்தால் அவருக்கு மணம் இரண்டு மடங்கு முக்கியம் என்று தைரியமாக எழுதலாம். ஆனால் லிக்கர்ட்டில் (ஒரு வாக்கியத்தை எவ்வளவு ஏற்கிறீர்கள் என்று 1 முதல் 5 வரை போடும் ஸ்கேல்) 4 போட்டவருக்கு 2 போட்டவரைவிட இரண்டு மடங்கு திருப்தி என்று எழுதினால் மார்க் போச்சு. தனி வாக்கியம் என்றால் ஆர்டினல்தான், அதாவது வரிசை மட்டுமே தெரியும். பல வாக்கியங்களைக் கூட்டி வரும் மொத்தத்தை இன்டர்வலாக, அதாவது எண்களுக்கு நடுவில் சம இடைவெளி இருப்பதாக, எடுத்துக்கொள்வது வழக்கம். எந்தக் கேள்வி வந்தாலும் இதை எங்காவது எழுதிவிடுங்கள்.

சின்னக் கேள்விகள் வரும் பார்ட் ஏ-வுக்கு இது போதும்:

- லிக்கர்ட் 1932, ஸ்டீவன்ஸின் நான்கு அளவை நிலைகள் (நாமினல், ஆர்டினல், இன்டர்வல், ரேஷியோ) 1946, கிரான்பாக் ஆல்ஃபா (ஸ்கேலின் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 1951.
- ஸ்டேப்பல்: +5 முதல் −5 வரை, பூஜ்யம் கிடையாது, ஒரே பண்புச்சொல்.
- செமான்டிக் டிஃபரன்ஷியல்: இரு முனையிலும் எதிர்ச்சொற்கள், ஏழு கட்டம். நல்ல சொற்களை எல்லாம் ஒரே பக்கம் அடுக்காதீர்கள்.
- பேயர்டு கம்பாரிசன்: இரண்டிரண்டாக ஒப்பிடுவது. 5 பிராண்டுக்கு 10 ஜோடி, 10 பிராண்டுக்கு 45. இதன் குறை என்ன என்று கேட்டாலும் ஜோடிகள் இப்படிப் பெருகுவதுதான் விடை.

பெரிய கேள்வி வரும் பார்ட் சி-யில் ‘ஸ்கேலை வடிவமைத்து மதிப்பிடுக’ என்று வந்தால் பக்கம் பக்கமாக விளக்காமல் ஸ்கேலை வரைந்து காட்டுங்கள். ஐந்தாறு வாக்கியம், அவற்றில் இரண்டு எதிர்மறை வாக்கியங்கள், கீழே 1 முதல் 5 வரை எண்கள், எதிர்மறை வாக்கியத்தின் பக்கத்தில் ‘6 கழித்தல் மதிப்பெண்’ (5 போட்டால் 1 என்று திருப்பிப் போடுவதற்கு). எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆமாம்’ போடுகிறவர்களைப் பிடிக்கத்தான் எதிர்மறை வாக்கியம். திருப்பிப் போடாமல் கூட்டினால் ஆல்ஃபா சரியும், சில சமயம் மைனஸுக்கே போகும். ‘தெரியாது’ என்று தனிக் கட்டமும் வையுங்கள். அது இல்லாவிட்டால் அந்தக் காபியைக் குடித்தே பார்க்காதவர் பேசாமல் 3-இல் டிக் அடிப்பார். சராசரி நடுவுக்கு இழுபடும். ‘அருமை, மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம்’ என்று கம்பெனிக்குச் சாதகமாகச் சாய்ந்த ஸ்கேலைக் கொடுத்துக் குறை கேட்பதும் உண்டு. மோசத்துக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

மதிப்பிடும் பகுதியில் எல்லோரும் ரிலையபிலிட்டி (அளவு மாறாமல் ஒரே சீராக வருவது), வேலிடிட்டி (அளக்க நினைத்ததையே அளப்பது) வகைகளை வரிசையாகக் கொட்டுவார்கள். திருத்துகிறவருக்கும் அலுத்துப்போயிருக்கும். நான் எழுதியது வேறு: ‘இந்தக் காபி மணமாக இருக்கிறது’ என்பதையே ஐந்து விதமாகக் கேட்டால் ஆல்ஃபா 0.7-ஐ எளிதாகத் தாண்டும். ஆனால் விலையையும் சுவையையும் தொடாத ஸ்கேல் திருப்தியை அளப்பதாகச் சொல்ல முடியாது. ரிலையபிலிட்டி இருக்கிறது, கன்டென்ட் வேலிடிட்டி இல்லை. உதாரணத்தோடு இப்படி நாலு வரி எழுதிவிட்டு, வகைகளை ஒரு சின்ன அட்டவணையில் முடித்துவிடலாம்.

மல்டிடைமென்ஷனல் ஸ்கேலிங் பற்றி என்னைக் கேட்காதீர்கள். அதைச் சாய்ஸில் விட்டுவிட்டேன்.