திஸ்கி மாற்றியை ஓய்வுக்கு அனுப்பிய நாட்கள்

ஜூன் 4, சேலம்
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர், முன்பு திஸ்கி குறியாக்கத்தில் (யூனிகோடு பரவுமுன் கணினியில் தமிழுக்குப் புழங்கிய முறை) தட்டச்சிட்ட கணக்குக் குறிப்புகளை, அவற்றை இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றும் என் திறமூல மாற்றியில் இட்டுப் பார்த்துவிட்டு அழைத்தார். “தம்பி, வெள்ளி சரியா வருது, வெளியூர் மட்டும் ஏன் கெட்டுப்போகுது?” அவர் அனுப்பிய பக்கத்தில் ‘வெளியூர்’ எல்லாம் ‘வௌியூர்’ என்றே இருந்தது.

ஜூன் 5
நிரலில் வழு (பிழை) இருக்கும் வரியைக் கண்டுபிடித்தேன், எழுதியவன் நானே. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படுகின்றன. அதாவது ‘வெ’ என்பதில் கொம்பு முதலிலும் ‘வ’ அதன் பின்னும் நிற்கும். யூனிகோடில் இது தலைகீழ். ஔகாரத்தின் வலப்பகுதி ‘ள’ போலவே இருப்பதால் பலர் ‘கௌரி’யைக் கொம்பு, க, ள என்று தட்டியிருந்தார்கள், அவர்களைக் காப்பாற்றவே, கொம்பு ஏற்ற எழுத்தை அடுத்து ‘ள’ வந்தால் ஔகாரமாக்கு என்று விதி வைத்தேன். ‘ள்’ தனிக் குறியீடு என்பதால் வெள்ளி தப்பியது. ‘ளி’யில் ‘ள’வும் இகரக் குறியும் தனித்தனியே நிற்பதால் வெளியூர் மாட்டிக்கொண்டது.

ஜூன் 8
‘ள’வுக்கு அடுத்து உயிர்க்குறி வந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் வழு தீர்ந்துவிடும். ஆனால் இந்த நிரல் பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்து, கடைசி வெளியீடான 2.7.18-உம் அதே ஆண்டு ஏப்ரலில் வந்துவிட்டது. பைத்தான் 3-இல் பைட்டும் (கோப்பில் எண்களாகக் கிடக்கும் மூலத் தரவு) உரையும் வேறு வேறு வகை என்பதால், இரண்டையும் கலந்தே புழங்கிய என் நிரல் அதில் ஓடாது. ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றியை முழுதாகத் திரும்ப எழுதத் தொடங்கினேன்.

ஜூன் 14
பழைய நிரலை நீக்குமுன் அதன் விசித்திரமான விதி ஒவ்வொன்றையும் சோதனையாக மாற்றினேன். கௌரி, பௌர்ணமி, வௌவால், வெளியூர், தெளிவு, நெளிவு: ஆறும் தேறின. விளங்காத இரண்டு விதிகளை அப்படியே வைத்திருக்கிறேன். யாரோ ஒருவருடைய கோப்புக்காகத்தான் எழுதியிருப்பேன்.

ஜூன் 20
பழைய மாற்றியை இயக்கும் கட்டளை புதிய மாற்றியின் இந்த வெளியீட்டில் மட்டும் எச்சரிக்கையுடன் இயங்கும், அடுத்ததில் இருக்காது. பழைய நிரல் இருக்கும் களஞ்சியத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டேன். மாலையில் பெரியவர் அழைத்து, வெளியூர்க் கணக்கு நேராகிவிட்டது என்றார். பிறகு, திஸ்கியிலிருந்து வேறான குறியாக்கம் கொண்ட பாமினி எழுத்துருவில் இன்னொரு பெட்டி நிறைய நெகிழ்வட்டுகள் (ஃபிளாப்பி) இருப்பதாகவும் சொன்னார்.