கண்ணாடியில் இருந்தவளை எடுக்க மூன்று வாரம்

எடிட்டர் வேலை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் படப்பிடிப்பின் முதல் இரவு நான் செய்த வேலை, ஆள் உயரக் கண்ணாடி ஒன்றின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் ஆடாமல் நின்றது. நடிகர்களையும் சேர்த்து மொத்தம் 11 பேர் இருந்த படம், அதில் எடிட்டர் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய கண்ணாடிகளைப் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி. அவளிடம் வந்த ஒரு கண்ணாடிக்குள் எப்போதோ செத்துப்போன இன்னொருத்தி இருக்கிறாள். அவள் இவளுக்குள் இறங்கினால் இவளுக்கு அசுர பலம் வரும், சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகலாம், ராத்திரியில் கெட்டவர்களைத் துவைத்து எடுக்கலாம். பிரச்சினை என்னவென்றால் பலத்தோடு சேர்ந்து செத்தவளின் தீராத ஆசையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். காதலனைத் தொடும்போது தொடுவது தானா, உள்ளே இருப்பவளா என்று நாயகிக்கே தெரியாது. படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இதையே காசில்லாமல், பளபளக்கும் இறுக்கமான உடையோடு எடுத்தால் எந்த மாதிரிப் படம் என்று பேர் வாங்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.

இயக்குநர் அப்படி ஒரு பேர் வாங்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அவருக்குப் பிடித்த ஆள் ஃபேன்டோமா. 1940ல் அமெரிக்க காமிக்ஸில் வந்தவள், அழகியாக இருப்பாள், சக்தியைப் பயன்படுத்தும்போது முகம் மண்டை ஓடாக மாறிவிடும். வொண்டர் வுமன் வந்ததே 1941 கடைசியில்தான், அதற்கு முன்பே அமானுஷ்ய நாயகி இருந்திருக்கிறாள் பார் என்று சாப்பாட்டு வேளையில் தினமும் ஒரு தடவையாவது சொல்வார். சரி, அவருக்கு அது ஒரு தெம்பு.

மண்டை ஓடு செய்யக் காசு இல்லை. பின்னால் பச்சைத் துணி (கிரீன் மேட்) போட்டு ஆவியைத் தனியாக எடுத்து ஒட்டலாம் என்று பார்த்தால், நாயகியின் உடை லேடக்ஸ், மெல்லிய ரப்பர். சிலிகான் எண்ணெய் தடவித் துடைத்தால் கண்ணாடி மாதிரி மின்னும், மின்னுகிற எதுவும் பக்கத்தில் இருக்கும் பச்சையை வாங்கிக்கொள்ளும், கம்ப்யூட்டரில் பச்சையை நீக்கும்போது, அதாவது கீ பண்ணும்போது, இடுப்பில் பாதி காணாமல் போகும். சோதனைக்கு எடுத்த ஒரே ஒரு ஷாட்டை நான் மூன்று நாள் தேய்த்தும் சரியாக வரவில்லை. அப்போதுதான் கேமராமேன் பெப்பர்ஸ் கோஸ்ட் போகலாம் என்றார்.

இது 1862ல் லண்டனில் மேடையில் காட்டி மக்களை மிரள வைத்த வித்தை. ஹென்றி டர்க்ஸ் யோசித்தது, ஜான் ஹென்றி பெப்பர் மேடைக்குத் தோதாக மாற்றி நடத்தியதால் பேர் அவருக்குப் போய்விட்டது. கேமராவுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வாக, ரசம் பூசாத ஒரு வெறும் கண்ணாடி. கண்ணாடி வழியாக நேரே நாயகி தெரிவார். பக்கவாட்டில், பிரேமுக்கு வெளியே, கறுப்புத் துணிக்கு முன்னால் ஆவியாக நடிப்பவர் நிற்பார். அவர் மேல் மெல்ல வெளிச்சத்தை ஏற்றினால் கண்ணாடியில் அவர் பிம்பம் எழும்பி நாயகியின் மேல் படியும், வெளிச்சத்தை இறக்கினால் கரைந்து போவார். கம்ப்யூட்டரே வேண்டாம், வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஒரு டிம்மர் போதும்.

கேட்க எளிதாக இருக்கும். கண்ணாடிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு இருப்பதால் பிம்பமும் இரண்டு விழும், கண்ணாடி தடிமனாக ஆக இரண்டுக்கும் இடைவெளி கூடி ஆவிக்கு நான்கு கண் வந்துவிடும். மெல்லிய கண்ணாடி வாங்கினால் மூச்சு விட்டாலே நெளியும், பிம்பமும் சேர்ந்து நெளியும், அதனால்தான் நான்கு மணி நேரம் என் தோள். ஆவி கண்ணாடியிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறாரோ அத்தனை அடி கண்ணாடிக்குப் பின்னால்தான் பிம்பம் நிற்கும், எனவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் டேப் வைத்து அளக்க வேண்டும், இல்லையென்றால் ஃபோகஸ் ஒருவருக்குத்தான் கிடைக்கும். இன்னொன்று, பிம்பம் இடம் வலம் மாறி விழும். கதைப்படி ஆவிக்கு இடது தோளில் ஒரு மச்சம், கண்ணாடி ஷாட் எடுக்கும் நாட்களில் அதை வலது தோளில் வரைய வேண்டும். ஆறு நாள் சரியாக வரைந்தார்கள், ஏழாம் நாள் மறந்துவிட்டார்கள். நான் கவனித்தது ஒரு மாதம் கழித்து டைம்லைனில். ஷாட்டைத் திருப்பிப் போடலாம் என்றால் நாயகியும் சேர்ந்து திரும்புவார், அவர் பின்னால் இருக்கும் கடிகாரமும் திரும்பும். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

பறப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். பறக்கவில்லை. ரோப் கட்ட வேண்டுமானால் அதற்கென்று தெரிந்த ஆள் வேண்டும், அவர் இல்லாமல் ஒருவரைத் தொங்கவிடுவது முட்டாள்தனம், எனவே ஸ்கிரிப்டிலிருந்தே பறப்பதைத் தூக்கிவிட்டோம். மேஜையிலிருந்து குதிப்பது, கீழே விழுவதற்குள் கட், அடுத்த ஷாட்டில் தரையில் முட்டி போட்டு இறங்குவது, அவ்வளவுதான். ஆவி மூக்கு வழியாக உள்ளே போகும் புகை மட்டும் ரிவர்ஸில் எடுத்தது. ரிவர்ஸைக் காட்டிக்கொடுப்பது கூந்தல், அது விழுவதற்குப் பதில் எழும். நாயகியின் தலையை இறுக்கி வாரிக் கட்டியதும் சரியாகிவிட்டது.

இனி அந்தக் காட்சி. படத்தில் ஒன்றே ஒன்றுதான், ஆனால் மொத்தப் படத்துக்கும் அதுதான் நடு. நாயகி, காதலன், கண்ணாடியில் எழும்பி நாயகியின் மேல் படியும் ஆவி, மூன்று பேரும் ஒரே பிரேமில். இதற்கு இரண்டு நாள் இன்டிமசி கோஆர்டினேட்டர், அதாவது நெருக்கமான காட்சிகளை நடிகர்களின் சம்மதத்தோடு வடிவமைத்து நடத்துபவர், ஒருவரை அழைத்திருந்தோம், படத்தில் பேரம் பேசாமல் கொடுத்த ஒரே சம்பளம் அவருடையது. 2018ல் அமெரிக்க டிவி நிறுவனமான ஹெச்பிஓ தன் தொடர் ஒன்றில் இதற்கென்று ஆள் வைத்த பிறகுதான் இப்படி ஒரு தொழில் இருப்பது பலருக்குத் தெரிந்தது, 2020 ஜனவரியில் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா வழிமுறைகளை வெளியிட்டது. நாங்கள் அந்தச் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை, இருந்தாலும் அதே போக்கில்தான் அவர் நடத்தினார். ஒப்பந்தத்தோடு ஆளுக்கு ஒரு தாள் தனியாக: எது தெரியலாம், எது தெரியக்கூடாது, யார் கை எங்கே போகலாம். நாயகிக்கு ஒரு கணக்கு, ஆவியாக நடித்தவருக்கு வேறு கணக்கு. அவர் தாளில் இருந்தது பின்பக்கம், முதுகு, இடுப்பு வரை, அவ்வளவே.

பிறகு நடன ஒத்திகை மாதிரிதான். மூன்றாம் எண்ணிக்கையில் கை தோளுக்கு, ஐந்தில் முகம் திரும்பும், எட்டில் ஆவியாக நடிப்பவர் வெளிச்சம் பெறுவார். உடம்புக்கு நடுவில் பஞ்சு வைத்த தடுப்பு, தோல் நிறத்தில் ஒட்டும் துணி, டேக் முடிந்த நொடியில் மேலங்கி. இதைப் பார்த்தால் யாருக்கும் எந்தக் கிளர்ச்சியும் வராது, அத்தனை கணக்கு. அறைக்குள் நடிகர்கள் போக நான்கு பேர் மட்டும். அதற்குள் கண்ணாடிக்கு ஒரு ஸ்டாண்டு அடித்திருந்ததால் நான் வெளியே மாடிப்படியில் ஹார்ட் டிஸ்க் காப்பி செய்துகொண்டிருந்தேன்.

எடிட் தொடங்கி ஏழாவது வாரம் அந்தக் காட்சியை டிஐக்காக, அதாவது நிறமும் வெளிச்சமும் சரிசெய்யும் கிரேடிங்குக்காக, திறந்தபோதுதான் வயிறு கலங்கியது. நாங்கள் எடுத்தது லாக் முறையில். கேமராவிலிருந்து வரும்போது சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துத்தான் இருக்கும், ஆனால் நிழலுக்குள் இருக்கும் விவரத்தையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும். ஸ்பாட்டில் மானிட்டரில் பார்வைக்கு மட்டும் நிறத்தை மாற்றிக் காட்டும் ஒரு எல்.யு.டி. போட்டுக் கறுப்பைக் கறுப்பாகத்தான் பார்த்தார்கள், அதில் ஆவியின் முதுகு மட்டும் தெரிந்தது, பக்கவாட்டு முழுக்க இருட்டு, கோஆர்டினேட்டரும் அதைப் பார்த்துத்தான் சரி சொன்னார். இங்கே நாயகியின் முகம் இருட்டாக இருக்கிறதே என்று நான் கொஞ்சம் தூக்கினேன். முகம் வந்தது. கூடவே அந்த இருட்டும் விலகியது. மூன்று ஷாட்டில் ஆவியாக நடித்தவர் ஒப்புக்கொள்ளாதது தெரிந்தது.

தாளில் உடம்பைப் பற்றி வரிவரியாக எழுதியிருந்தோம், வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நிர்வாணம் எவ்வளவு என்பதைக் கடைசியில் ஒரு பொத்தானை உருட்டி நான்தான் முடிவு செய்கிறேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

தயாரிப்பாளர் பார்த்துவிட்டு, இதுதானே விற்கும், இதை ஏன் மறைக்கிறாய் என்றார். கெட்ட மனிதர் இல்லை, கடன் வாங்கிப் போட்டிருந்தார். இயக்குநர் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை, அந்த இரண்டு நாள் மௌனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். மூன்றாம் நாள் கோஆர்டினேட்டரிடம் சொன்னோம், அவர் வழியாக ஆவியாக நடித்த நடிகை வந்து பார்த்தார். முழுக் காட்சியையும் ஒரு தடவை ஓடவிட்டார், பிறகு, "இருட்டுல நிக்கச் சொன்னீங்க, நின்னேன். இப்போ வெளிச்சம் போட்டுட்டீங்களே," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மூன்று ஷாட்டைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறைப்பது அத்தனை சுலபமாக இருந்திருந்தால் அன்றே முடித்திருப்பேன். தனித்தனியாக எடுத்து ஒட்டியிருந்தால் ஆவியின் லேயரை மட்டும் இருட்டாக்கலாம். இங்கே எல்லாம் கேமராவுக்குள்ளேயே கலந்துவிட்டது, ஆவியின் விலா இருக்கும் இடத்தில்தான் நாயகியின் கன்னமும் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிரிக்கும் விண்டோ போட்டு இருட்டாக்கினால் கன்னத்தில் ஒரு கறுப்புப் பை தொங்குகிறது. காசு மிச்சம் என்று செய்த வித்தை வட்டியோடு வந்து நின்றது.

முதல் வாரம் முழுக்க வீண். பிம்பம் என்பது மேலே கூடிய வெளிச்சம்தான், அப்படியானால் ஆவி இல்லாத பிரேமை வைத்துக் கழித்துவிடலாமே என்று கணக்குப் போட்டேன். சுவருக்கு அது வேலை செய்தது. நாயகி அசைகிறாரே, அசைகிற முகத்துக்கு எந்தப் பிரேமை வைத்துக் கழிப்பது?

இரண்டாம் வாரம்தான் டிம்மர் ஞாபகம் வந்தது. எட்டாம் எண்ணிக்கையில்தானே வெளிச்சம் ஏறும், அப்படியானால் ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஆவி இல்லாத சில நொடிகள் இருக்க வேண்டும், முடிவில் இறக்கும்போதும் இருக்க வேண்டும். இருந்தன. ஒரு டேக்கில் மட்டும் கட் சொல்ல மறந்து முழுதாக 11 நொடி ஓடியிருந்தது. முதல் ஷாட்டுக்கு அந்த 11 நொடியை எடுத்து வேகத்தைப் பாதியாக்கி வைத்தேன். இரண்டாவதுக்கு ஆவி பாதி எழும்பிய இடத்திலேயே வெட்டி, கண்ணாடிச் சட்டத்தைப் பிடிக்கும் கையின் குளோசப்புக்குப் போனேன். மூன்றாவதுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, தூக்கிவிட்டேன். நாயகியின் முகம் ஆவியின் முகமாக மாறும் அந்த ஒரு கணம் அதில்தான் இருந்தது. சரியான முடிவுதான், ஆனால் அந்த ஷாட்டை நினைத்தால் இப்போதும் வலிக்கும். 4 நிமிடம் 10 நொடி இருந்த காட்சி 2 நிமிடம் 35 நொடிக்கு வந்தது.

மூன்றாவது வாரம் ஒலி. லேடக்ஸ் எவ்வளவு அழகோ அவ்வளவு சத்தம், பலூனைத் தேய்த்த மாதிரிக் கீச்சென்று ஒவ்வொரு அசைவுக்கும் கத்தும், சண்டைக் காட்சியில் சமாளிக்கலாம், இங்கே சிரிப்பு வந்துவிடும். ஸ்பாட்டில் பதிந்த ஒலி முழுக்க வெளியே போயிற்று. மூச்சை டப்பிங்கில் எடுத்தோம், முகம் மாறும் ஷாட்டுக்குப் பதிலும் அங்கேதான் கிடைத்தது. இரண்டு நடிகைகளின் மூச்சையும் தனித்தனியாகப் பதிந்து, ஒரே இடத்தில் வைத்து, ஒன்றை மூன்று பிரேம் பின்னால் தள்ளினேன். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் அது நொடியில் எட்டில் ஒரு பங்கு. எதிரொலி என்று தோன்றாது, ஒரே ஆள் என்றும் தோன்றாது. ஒரு குறிப்பு, தொடர்ந்து மூச்சு வாங்கச் சொல்லாதீர்கள், தலை சுற்றும், பத்துப் பத்து நொடியாக எடுங்கள். பதியும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று ஆவியாக நடித்தவர் கேட்டார். உட்கார்ந்துகொண்டேன்.

தயாரிப்பாளர் கடைசியாக ஒரு தடவை, டூப் வைத்து இரண்டு ஷாட் எடுத்துச் சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். தாளில் அதற்கும் நடிகையின் எழுத்து ஒப்புதல் வேண்டும் என்று இருந்தது, கோஆர்டினேட்டர் முதல் நாளே எழுதி வைத்த வரி. கேட்டார், கிடைக்கவில்லை, விட்டார்.

வெளியே கொடுப்பதற்கு முன்னால் நடிகையை மறுபடி கூப்பிட்டோம். என் கிரேடிங் மானிட்டரில் காட்டப் போனேன், வேண்டாம் என்றார். தியேட்டர் திரைக்கு ஒரு அளவு, டிவிக்கு ஒரு அளவு என்று தரம் இருக்கிறது, போனுக்கு யார் என்ன வெளிச்சம் வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும், அதனால் போனில் போடுங்கள் என்றார். அனுப்பினேன். அறை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, போன் வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்து, அந்த 2 நிமிடம் 35 நொடியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நான் மூச்சே விடவில்லை.

"இது சரி," என்றார். பிறகு பத்து நொடி பின்னால் இழுத்து, போனை என் பக்கம் திருப்பினார். "மச்சம் ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"