பெல்லோஷிப் காசு யார் கையில போகணும்

கோலாலம்பூர்ல இப்ப யாரப் பார்த்தாலும் லீடர்ஷிப், பெல்லோஷிப் (ஆளுங்கள தேர்ந்தெடுத்து காசும் பயிற்சியும் கொடுக்குற திட்டம்)னு பேசுறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா கஷ்டத்துல இருக்குற பசங்க விஷயத்துல அந்தக் காசும் பயிற்சியும் யாருக்குப் போய்ச் சேருதுங்கிறது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

நமக்குத் தெரிஞ்சது டீச் ஃபார் மலேசியா, 2010ல ஆரம்பிச்சாங்க, பட்டதாரிங்க ரெண்டு வருஷம் பின்தங்கிய பள்ளிக்கூடத்துல போய்ப் பாடம் நடத்துவாங்க. அப்புறம் அசோகா, 1980ல பில் டிரேட்டன் தொடங்குனது, புதுசா ஒரு வழி கண்டுபிடிச்ச ஆளுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுத்து முழு நேரமா அதுலயே இறங்க விடுவாங்க. மும்பையில 1996ல 1098ங்கிற குழந்தைகள் உதவி போன் லைன் சைல்டுலைன தொடங்குன ஜெரு பில்லிமோரியா, அப்படி அசோகா தேர்ந்தெடுத்த ஒரு பெல்லோதான்.

இதெல்லாம் வெளியில இருந்து வர்றவங்களுக்கு. சிஸ்டத்துக்கு உள்ளேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடுறவங்கள யார் தயார் பண்றாங்க? அமெரிக்காவுல ஆனி இ. கேசி பவுண்டேஷன்னு ஒண்ணு இருக்கு, யுபிஎஸ் பார்சல் கம்பெனிய ஆரம்பிச்ச ஜிம் கேசியும் கூடப்பிறந்தவங்களும் சேர்ந்து அவங்க அம்மா பேர்ல 1948ல வச்சது. 1993ல இருந்து ஒரு பெல்லோஷிப் நடத்துறாங்க, குழந்தைகள் நலத்துறை, சிறார் நீதித்துறை மாதிரி இடத்துல ஏற்கனவே பெரிய பொறுப்புல இருக்குறவங்களதான் எடுப்பாங்க. எத்தனை பேருக்கு உதவி பண்ணோம்னு கணக்குக் காட்டுனா பத்தாது, அந்தப் பிள்ளைங்க நிலைமை மாறுச்சா, எந்த இனத்துப் பிள்ளைக்கு மாறல, அதுவரைக்கும் எண்ணிக்கையப் பிரிச்சுப் பார்க்கச் சொல்றாங்க.

இதே பவுண்டேஷன் 1992ல இன்னொரு வேலையும் தொடங்குச்சு, விசாரணைக்கு முன்னாடியே பசங்கள உள்ள போடுறதக் குறைக்க. சிகாகோ இருக்குற குக் கவுண்டியில கோர்ட் தேதிய மறந்துட்டு வராத பசங்களுக்கு வாரண்ட் போயிக்கிட்டே இருந்துச்சு, அதுக்கு அவங்க பண்ணது தேதிய ஞாபகப்படுத்தி லெட்டர், போன் கால், அவ்வளவுதான். பையன் மேல கோவப்படாம ஆபிஸ் நடைமுறைய மாத்துனாங்க பாருங்க, இத செய்யுறதுக்கு உள்ள இருக்குற ஆளாலதான் முடியும்.

நம்ம ஊருக்கு வர்றேன். நான் டியூஷன் சொல்லிக் கொடுக்குற பிபிஆர் பிளாட்ல (அரசாங்கத்தோட குறைஞ்ச விலை அடுக்குமாடி வீடு) ஒரு பையன், 16 வயசு, மோட்டார் சைக்கிள் திருட்டு கேஸ். 2001 சிறுவர் சட்டப்படி சிறார் கோர்ட் தண்டனை பத்தி முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி நன்னடத்தை அதிகாரியோட ரிப்போர்ட்ட பார்த்தே ஆகணும். அதுக்காக கெபாஜிக்கான்ல (சமூக நலத்துறை) இருந்து நன்னடத்தை அதிகாரியான ஒரு கக்காக் (அக்கா) வீட்டுக்கு வந்தாங்க. அம்மாவுக்கு மலாய் அரைகுறை, ராத்திரி கிளீனிங் வேலை முடிச்சுட்டுத் தூங்காம உட்கார்ந்திருந்தாங்க. அப்பா எங்க, சம்பளம் எவ்வளவு, எப்ப ஸ்கூல் நின்னான், எல்லாம் கேட்டு எழுதிட்டு அந்தக் கக்காக் பேனாவ மூடல, அவன் எதுல கெட்டிக்காரன்னு கேட்டாங்க. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "டியா பாண்டாய் பைக்கி கிப்பாஸ்"னாங்க, அவன் ஃபேன் நல்லா ரிப்பேர் பண்ணுவான்னு. அந்த புளோக்ல பாதி வீட்டு ஃபேன ரிப்பேர் பண்ணிக் கொடுத்தது அவன்தான். கக்காக் எழுந்து போய் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் கேட்டு அதையும் எழுதிக்கிட்டாங்க.

பையன் அப்ரூவ்ட் ஸ்கூலுக்கு (தப்பு பண்ண பசங்கள தங்க வச்சு திருத்துற பள்ளி) போகல, ஒழுங்கா நடந்துக்குறேன்னு எழுதிக் கொடுக்குற நன்னடத்தை பாண்ட்ல வீட்டுக்கு வந்தான். அந்த ஒரு வரியாலதான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அந்தக் கேள்விய கேட்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல, அவங்களா கேட்டாங்க. வேற வீட்டுக்கு வேற ஆள் போயிருந்தா, கையில அடுக்கு ஃபைல் இருந்திருந்தா, "குடும்பப் பிரச்சனை"னு ரெண்டு வார்த்தையில முடிஞ்சிருக்கும். நம்ம பிள்ளைங்க தலையெழுத்து அன்னைக்கு யார் டியூட்டிங்கிறதப் பொறுத்து இருக்கக் கூடாது! அந்தக் கக்காக் கேட்ட கேள்வி எல்லா ஃபாரத்துலயும் வரணும், அத வர வைக்குற வழிய அவங்கள மாதிரி ஆளுக்குத்தான் சொல்லிக் கொடுக்கணும்.

நம்ம ஆளுங்க பிள்ளைங்க இல்லத்துக்கு அரிசி, தீபாவளித் துணின்னு அள்ளிக் கொடுக்குறாங்க, கும்பிட்டுச் சொல்றேன், அது நிக்கக் கூடாது. ஆனா சிஎஸ்ஆர் (சமூக உதவிக்குன்னு ஒதுக்குற) காசு வச்சிருக்குற கம்பெனிங்க, சங்கங்க யாராவது இதப் படிச்சா, ஒரு சின்ன குரூப்ப ஒண்ணா உட்கார வைங்க, வேலைய விடச் சொல்லாம மாசத்துல ரெண்டு நாள். ஒரு நன்னடத்தை அதிகாரி, ஒரு ஸ்கூல் கவுன்சிலர், ஒரு இல்லத்து வார்டன், கோர்ட்ல தமிழ்ல மொழிபெயர்க்குற ஒருத்தர். ஒரே பையனோட ஃபைல இவங்க நாலு பேரும் தனித்தனியா பார்த்திருப்பாங்க, ஒரு தடவகூட ஒரே மேசையில வச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க.