எட்டு சனிக்கிழமைகளில் ஓர் ஆம்ப்ளிஃபையர்

அப்பாவின் ஆம்ப்ளிஃபையர் 1996இல் கும்பகோணத்து ரேடியோ மெக்கானிக் ஒருவர் கட்டிக்கொடுத்தது. தேக்கு நிறத்தில் மைக்கா ஒட்டிய பலகைப் பெட்டி, முன்னால் நான்கு குமிழ்கள், உள்ளே எல்.ஏ.4440 என்ற ஒற்றை ஐ.சி. சில்லு. சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு சுருதி பிடிக்கும், அதன் மேல்தான் பாட்டு வரும். அப்பா என்னோடு தாம்பரத்துக்கு வந்தபோது அந்தப் பெட்டியும் பழைய துணியில் சுற்றப்பட்டு வந்தது. மிருதங்கத்தின் தனியாவர்த்தனம் வரும்போதெல்லாம் வலந்தலைச் சொற்கள் உடைந்து கரகரத்தன. "ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா பார்" என்றார். ஸ்பீக்கரில் குறையில்லை. இரண்டாண்டுக்கு முன் பழையதாக வாங்கிய புத்தக அலமாரி அளவு ஜோடி அது. 6 ஓம், ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் சத்தம்.

ஆறாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை மட்டும்தான் வேலை. மற்ற நாள்களில் மேசை சாப்பாட்டு மேசை.

முதல் சனி

கடைக்கு ஓடுவதற்கு முன் ஒன்றை அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கும் வழக்கமான சத்தத்தில் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்தேன். முள் மீட்டர் என்றால் ஆடியிருக்கும். இதில் எண்கள் துள்ளின. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் நின்றன. சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸ் சைன் அலைக்காகச் செய்யப்பட்டது என்பதால் இது தோராயம்தான். இருந்தாலும் 2 வோல்ட்டை அதனாலேயே பெருக்கி 6 ஓமால் வகுத்தால் முக்கால் வாட்கூட வரவில்லை!

முக்கால் வாட்டில் வீடு நிறைகிறது என்றால் எல்.ஏ.4440 ஏன் திணற வேண்டும்? காரணம் சராசரியில் இல்லை, உச்சத்தில் இருக்கிறது. கச்சேரிப் பதிவில் ஓர் அடி சராசரியைவிட 15 டெசிபல் மேலே எகிறுவது சாதாரணம். 15 டெசிபல் என்றால் சுமார் 30 மடங்கு. முக்கால் வாட், அந்த ஒரு நொடித் துணுக்கில் இருபது வாட் ஆகிறது. எல்.ஏ.4440 கார்களுக்காகச் செய்யப்பட்ட ஐ.சி.; 13.2 வோல்ட்டில், 4 ஓமில், இடம் வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 6 வாட். அதுவும் 10 சதவீதத் திரிபோடு. 6 ஓம் ஸ்பீக்கரில் இன்னும் குறையும். மெக்கானிக்கைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அவர் கட்டிய காலத்து டேப்புக்கு அது போதும்.

ஆக எனக்கு வேண்டியது பக்கத்துக்கு 25, 30 வாட். அதற்கு மேல் போவதில் பயன் குறைவு. 30ஐ 60 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். அதற்குப் பணத்தைக் கொட்டுவதைவிட 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கிவிடலாம், கணக்கு ஒன்றேதான். பெட்டியின் மேல் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச வாட்) என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் எழுதுகிறார்களே, அது விளம்பர எண். அளவை எண் அல்ல.

இரண்டாவது, மூன்றாவது சனி

முதலில் பழைய ஜப்பான் ரிசீவர்களைப் பார்த்தேன். வெள்ளி முகப்பு, கனத்த குமிழ், திருப்பினால் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகும். ஆசைதான். ஆனால் ஒன்றின் பின்பலகையில் 100 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று வந்த செட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. தனியாக ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இன்னொன்றில் ரிலே தேய்ந்து இடது பக்கம் அவ்வப்போது காணாமல்போனது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல வழி. எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்தது டி.பி.ஏ.3116 என்ற டி-வகுப்பு (மின்சாரத்தை மிக வேகமாகப் போட்டு அணைத்துப் பெருக்கும் வகை) ஐ.சி. உள்ள சிறிய பலகை. பழுதான லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் வீட்டில் கிடந்தது. இரண்டையும் சேர்த்தேன், பாடியது. ஐந்து நிமிட வேலை. இரண்டு வாரம் அதையே கேட்டேன். உண்மையைச் சொன்னால், காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 6 ஓமில் 25 வாட் தாராளமாகக் கொடுக்கிறது, சூடாவதே இல்லை. குறை, பாட்டு இல்லாதபோது கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரில் ‘உஸ்’ என்ற இரைச்சல். அந்தப் பலகையில் பெருக்கத்தை மிக அதிகமாக வைத்துவிட்டார்கள். ஐ.சி.யில் 20, 26, 32, 36 டெசிபல் என நான்கு நிலைகள் உண்டு. இரண்டு மின்தடைகளை மாற்றினால் குறைத்துவிடலாம். அந்த மின்தடைகள் எள்ளளவு. என் கண்ணுக்கும் என் சால்டரிங் அயனுக்கும் அவை அடங்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்குக் கையால் கட்ட வேண்டும் என்ற அரிப்பு. எல்.எம்.3886 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. என்று முடிவுசெய்தேன்.

நான்காவது சனி

சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் காலை பத்தரைக்குப் போனால் நடக்க இடமிருக்கும்; பன்னிரண்டுக்கு மேல் நம்மைக் கூட்டமே நடத்திச் செல்லும். இரண்டு எல்.எம்.3886, அதற்கான பலகைகள், 10,000 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெப்பாசிட்டர் நான்கு, சூட்டை வாங்கும் அலுமினிய ஹீட் சிங்க், ஸ்பீக்கர் பாதுகாப்பு ரிலே பலகை எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. வால்யூம் குமிழில் மட்டும் கவனம்: ‘ஏ’ எழுத்து போட்டது லாக் (காதுக்கேற்ப மெல்ல ஏறுவது), ‘பி’ போட்டது லீனியர் (நேர்கோடாக ஏறுவது). கடையில் முதலில் எடுத்துத் தந்தது ‘பி’. அதை மாட்டினால் கால் சுற்றிலேயே சத்தத்தின் பெரும்பகுதி வந்துவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரில்தான் ஏமாந்தேன். 18-0-18 (நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 18 வோல்ட்), 5 ஆம்ப் என்று ஒட்டியிருந்ததை 650 ரூபாய்க்கு வாங்கினேன். பையில் தூக்கும்போதே உறுத்தியது. தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்தேன்: 950 கிராம். 36 வோல்ட்டை 5 ஆம்ப்பால் பெருக்கினால் 180 வி.ஏ. (வோல்ட்-ஆம்ப்பியர்); அந்த அளவுக்கு இரும்பும் செம்பும் இரண்டு கிலோவுக்குக் குறைவாக வரவே வராது. வீட்டில் 12 வோல்ட் 35 வாட் பைக் ஹெட்லைட் பல்பு இரண்டைத் தொடராகக் கட்டி ஒரு பாதியில் மாட்டினேன். இரண்டரை ஆம்ப்கூட இழுக்காத சுமை. 20 வோல்ட் 15க்கு இறங்கியது. பத்து நிமிடத்தில் தொட முடியாத சூடு. திருப்பிக் கொடுக்கப் போனால், "சுற்றுக் கம்பியில் கை வைத்துவிட்டீர்கள் சார்" என்றார்கள். கை வைக்கவில்லை.

பிறகு, சொன்ன அளவுக்குச் சுற்றிக்கொடுக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். 4 ஆம்ப் போதும் என்றார். "செம்பா, அலுமினியமா என்று கேட்காமல் வாங்கியிருக்கிறீர்கள் தம்பி. இனிமேல் லேபிளைப் படிக்காதீர்கள், தூக்கிப் பாருங்கள்." 1,450 ரூபாய், இரண்டரைக் கிலோ. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தாவது சனி

பலகைகளைச் சால்டர் செய்தது காபி இரண்டு முறை ஆறிய நேரம். சொல்ல ஒன்றுமில்லை.

புதிதாகக் கட்டியதை நேராக மின்சாரத்தில் செருகக் கூடாது என்பது பழைய மெக்கானிக்குகளின் பாடம். நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட வேண்டும். எல்.இ.டி. வந்தபின் 60 வாட் குண்டு பல்பு கிடைப்பதே அரிது. மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லாம் சரியாக இருந்தால் கெப்பாசிட்டர் நிரம்பும் கணம் பல்பு பளிச்சிட்டு, பிறகு மங்கி அணைந்ததுபோல் ஆகிவிடும்.

சுவிட்சைப் போட்டேன். பளிச்சிட்டது. மங்கவில்லை. திருமண வீட்டு விளக்குபோல் நின்று எரிந்தது.

அணைத்துவிட்டு அரை மணி நேரம் தேடினேன். எல்.எம்.3886இன் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. அதனால் ஐ.சி.க்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் மைக்கா தாள் வைத்து, திருகுக்கும் பிளாஸ்டிக் புஷ் போட வேண்டும். இரண்டும் போட்டிருந்தேன். ஆனால் துளையிட்ட இடத்தில் அலுமினியப் பிசிறு ஒன்று மயிரிழைபோல் நின்றிருக்கிறது. திருகை இறுக்கியதும் அது மைக்காவைக் குத்திவிட்டது. ஹீட் சிங்க் எர்த் செய்த இரும்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்ததால் மைனஸ் சப்ளை நேராகத் தரைக்குப் போனது. தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது ஊசிமுனைத் துளை தெரிந்தது. அரத்தால் பிசிறைத் தேய்த்து, புது மைக்கா வைத்து, மீட்டரில் பீப் சத்தம் வரவில்லை என்று பார்த்தபின் மறுபடி போட்டேன். பல்பு கண் சிமிட்டி மங்கியது. சப்ளை இரு பக்கமும் 27.4 வோல்ட். ஸ்பீக்கர் முனையில் டி.சி. இடது 12, வலது 19 மில்லிவோல்ட். 50க்குள் இருந்தால் கவலையில்லை.

பல்பு இல்லாமல் போட்டிருந்தால் ஃப்யூஸோடு போயிருக்கலாம், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜோடும் போயிருக்கலாம். இருபது ரூபாய் பல்பு.

ஆறாவது, ஏழாவது சனி

பாடியது. கூடவே ‘ம்ம்ம்’ என்றும் பாடியது. அப்பாவின் பெட்டியில் இருந்த அதே சுருதி!

இரண்டு சனிக்கிழமை இதற்கே போனது. உற்றுக் கேட்டால் அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கனத்த 50 ஹெர்ட்ஸ் முனகல். மற்றொன்று அதைவிடக் கூர்மையான 100 ஹெர்ட்ஸ் ‘ர்ர்’. உள்ளீட்டு வயரைக் கழற்றினால் முனகல் போய்விடுகிறது, ‘ர்ர்’ மட்டும் இருக்கிறது. அப்படியென்றால் முனகல் வெளியிலிருந்து வருகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், அடங்கியது. மூன்று முள் சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் ஆடியோ வயர் வழியாகக் கைகோத்து ஒரு வளையம் போட்டிருந்தன. எர்த் முள்ளை வெட்டிவிடு என்று அறிவுரை சொல்வார்கள். உயிரோடு விளையாடுவது அது. இரும்புப் பெட்டியை எர்த்தில் நேராக வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் உள் கிரவுண்டை (சுற்றின் பூஜ்ய வோல்ட் கம்பியை) மட்டும் 10 ஓம் மின்தடை வழியாகப் பெட்டியோடு இணைத்தேன். அதற்குப் பக்கமாக, கோளாறு நேர்ந்தால் மின்னோட்டம் எர்த்துக்கு ஓட எதிரெதிராக டயோடுகள். ஒரு பழைய 25 ஆம்ப் பிரிட்ஜ் கைகொடுத்தது.

‘ர்ர்’ என் தவறு. கிரவுண்ட் வயர்களை எல்லாம் பக்கத்தில் கிடைத்த இடத்தில் சால்டர் செய்திருந்தேன். கெப்பாசிட்டர்களை நிரப்ப, நொடிக்கு நூறு முறை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்னோட்டம் பாய்ந்து பாய்ந்து வரும் அதே கம்பியில் உள்ளீட்டின் கிரவுண்டையும் கட்டியிருக்கிறேன். அந்தக் கம்பியில் எழும் சில மில்லிவோல்ட்டையும் பாட்டு என்று நினைத்து ஐ.சி. பெருக்கியிருக்கிறது. உள்ளீட்டையும் ஸ்பீக்கர் திரும்பும் வயரையும் கெப்பாசிட்டர்களுக்கு அப்பால் ஒரே திருகுக்கு மாற்றினேன். மூன்று அங்குலம் தள்ளினேன், அவ்வளவுதான். ட்வீட்டரில் காது ஒட்டினாலும் ஒன்றும் இல்லை.

எட்டாவது சனி

மொத்தச் செலவு 6,300 ரூபாய். அந்தப் பொய் டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் 5,650. அதைத் தூக்கிப்போடவில்லை, பழைய எல்.ஏ.4440 பலகையைச் சமையலறை ரேடியோவுக்கு மாற்றும்போது உதவலாம். மேல்மூடி இன்னும் மாட்டவில்லை, தொப்பிப் பக்கத்துக் கும்காரம் வரும்போது தகரம் கூடவே அதிர்கிறது. நாலு மூலையிலும் ரப்பர் துண்டு வைக்க வேண்டும்.

மாலையில் அப்பாவை உட்கார வைத்துச் சுவிட்சைப் போட்டேன். தட்டில் இருந்த முறுக்கை எடுத்தபடி காத்திருந்தார். ரிலே ‘டக்’ என்றது. நான் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தவர், எழுந்துபோய் ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"என்னப்பா, கரண்ட் வந்திருக்கிறதா இல்லையா?"

வந்திருக்கிறது என்றேன். நம்பவில்லை. ஸ்டெபிலைசரைப் பார்த்தார், பிளக்கை அழுத்திப் பார்த்தார். முன்பலகையில் ஒரு சிவப்பு எல்.இ.டி. வைக்க வேண்டும்; 27 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் மின்தடை சரியாக இருக்கும். அடுத்த சனிக்கு அந்த வேலை.