தாழியம்மையின் பூசாரிகள்

குழி வெட்டுகிறவர்களைப் பூசாரிகளாக வைத்தது நான்தான், இப்போதும் அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. நான் கதை எழுதிக்கொடுக்கும் கேமுக்குச் சாவும் அடக்கமும் பார்க்கிற ஒரு தேவி வேண்டும் என்று கிளையண்ட் கேட்டபோது மாதிரிக்குக் காட்டியது பாத்ஃபைண்டர் விளையாட்டில் வரும் ஃபராஸ்மாவை. பிறப்பு, இறப்பு, விதி மூன்றும் அவள் கையில். செத்தவர்களின் ஆன்மாக்கள் அவள் முன்னால் தீர்ப்புக்கு வர வேண்டும், அதனால் தீர்ப்புக்குப் போகாமல் நடமாடும் பிணங்கள் என்றாலே அவளுக்கு ஆகாது. எனக்குப் பிடித்தது வேறு. அங்கே மருத்துவச்சியும் பிணத்தை அடக்கம் செய்கிறவரும் ஒரே தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள். நம் ஊரில் இந்த இரண்டு வேலையையும் செய்தவர்களை எங்கே நிறுத்தி வைத்திருந்தோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தேவியை நான் கொந்தகையிலிருந்து எடுத்தேன். கீழடிக்காரர்களின் இடுகாடு என்று சொல்கிறார்களே, 2020-இல் தோண்ட ஆரம்பித்து முதுமக்கள் தாழிகள் வரிசையாக வெளிவந்த இடம், எலும்பும் கறுப்பு சிவப்புக் கிண்ணமும் சூதுபவள மணியுமாக. தாழி வனைகிற குயவனிடம், எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று ஒரு பெண் கேட்கும் சங்கப் பாட்டு ஒன்று உண்டு, அதுவும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தாழியம்மை, பெற்ற பிள்ளைகளைத் திரும்ப வயிற்றில் வாங்கிக்கொள்கிறவள். அவள் நாட்டில் குழி வெட்டுகிற குலம்தான் உயர்ந்த குலம், அரசனே எழுந்து நிற்பான், பூசாரிப் பட்டம் அப்பனிடமிருந்து மகனுக்கு. வேலையை விட்டு ஓடினவனுக்குச் செத்தபின் தாழி கிடையாது, அலைய வேண்டியதுதான். கதையில் எல்லாருக்கும் பிடித்த திருப்பமே அந்தச் சாபம்தான்.

கேமுக்கு ஓவியம் வரைகிற தம்பி ஒருவர் முழுசாகப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"ஏன்க்கா, அந்தப் பையனுக்கு வேற வேலைக்குப் போகணும்னு ஆசை வந்தா என்ன பண்றது?"

அவர் தாத்தா மயானத்தில் வேலை பார்த்தவர், அப்பா அந்த வேலைக்குப் போகவில்லை. அவரே எப்போதோ சொன்னது. அது தெரிந்துதான் எழுதினேன், படித்தால் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன். அதனால் சட்டென்று அரிச்சந்திரனைத்தான் பிடித்தேன். "ராஜாவே மயானம் காத்தாருல்ல தம்பி, இன்னைக்கும் அவருகிட்ட நின்னு கேட்டுட்டுத்தானே பொணத்தை உள்ள எடுத்துட்டுப் போறோம்."

"அவரு கடைசில திரும்பவும் ராஜா ஆயிட்டாருக்கா. எங்க தாத்தாவ யாரும் வந்து கூப்பிடல."

கோபமாகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டு வரையப் போய்விட்டார். நான்தான் அன்றிலிருந்து அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இது கற்பனை நாடு, அங்கே அந்த வேலைக்கு இழிவே கிடையாது, இழிவு இல்லாத இடத்தில் எதற்கு ஒருவன் ஓட வேண்டும் என்று ஒரு பதில். சரி, ஓடவே மாட்டான் என்றால் சாபம் எதற்கு என்று அப்புறம் நானே கேட்டுக்கொள்வேன். மரியாதையை எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் கதவைப் பூட்டிவிட்டுக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? ஆனால் பரம்பரைப் பெருமை என்று நாம் மற்ற எல்லாரையும் பேச விடுகிறோமே, கோயில் முதல் மரியாதைக்குக் கோர்ட் வரை போகிறார்களே, இவர்களுக்கு மட்டும் அந்தப் பெருமை ஏன் கூடாது? இந்தக் கேள்வியும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

கடைசியில் பரம்பரையை எடுத்துவிட்டேன், சாபத்தையும். யார் வேண்டுமானாலும் நேர்ந்துகொண்டு மண்வெட்டி எடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கலாம். கதையின் முதுகெலும்பே போச்சு என்று மேலே இருப்பவர்கள் வருத்தப்பட்டார்கள். தம்பி படித்துவிட்டு, "நல்லாருக்குக்கா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு வருவா?" என்றார்.

கொரோனா நேரத்தில் வந்தார்களே என்றேன். சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களை முன்பின் தெரியாத இளைஞர்கள் சாதி மதம் பார்க்காமல் அடக்கம் செய்தார்கள், முஸ்லிம் அமைப்புகளின் பிள்ளைகள் அதில் நிறையப் பேர். அவர்களை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். தம்பியும் தலையாட்டினார். ஆனால் அலை ஓய்ந்ததும் அவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள், திரும்பத்தான் வேண்டும். மதுரையின் தத்தனேரி, மூலக்கரை மயானங்களில் அதற்கு முன்னால் நின்றவர்கள்தான் அதற்குப் பின்னாலும் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் நேர்ந்துகொண்டு வந்தவர்கள் என்று தம்பி கேட்கவில்லை, நானாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

இப்போது அடுத்த பாகத்துக்கான பேச்சு வந்திருக்கிறது, சாபத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள். முடியாது என்று எழுதிவிட்டேன். காரணம் கேட்டால் அந்தப் பையன் போக வேண்டும் என்று ஆசைப்பட்டான், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது. அவன் போனபிறகு தாழியம்மைக்குக் குழி வெட்டுவது யார் என்பதற்கு என் ஆவணத்தில் இன்னும் ஒரு வரிகூட இல்லை.