31 மில்லிசெகண்ட்

நடன டீச்சர் முதல் தடவை போன் செய்தபோது சுற்றி வளைத்துத்தான் பேசினார். "டிராக் வந்துடுச்சுண்ணா. டோன் ரொம்ப நல்லா இருக்கு. அந்த ரெண்டாவது தீர்மானம் மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்." அந்த ஜதிக்கோர்வையைக் கேட்டேன். சரியாகத்தான் இருப்பதாகப் பட்டது. அப்படியே சொன்னேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சுற்றவில்லை. "தாளம் விழுற இடத்துல மிருதங்கம் ஒரு இழை பின்னாடி விழுதுண்ணா. ஒரு இடத்துல இல்ல, எல்லா இடத்துலயும்."

எனக்கு நாற்பத்தேழு வயது. முப்பது வருடத்துக்கு மேல் மிருதங்கம் வாசிக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதும் முதலில் கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் வரவில்லை, கை மேல்தான் வந்தது. இரண்டு நாள் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோமைப் போட்டுக்கொண்டு, அடிப்படை நடையான சர்வலகுவை முதல் காலத்திலிருந்து வாசித்துப் பார்த்தேன். வீட்டில் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். நடன உருப்படிகளுக்கு வீட்டிலிருந்தே மிருதங்கம் பதிவு செய்து அனுப்புவது எனக்குச் சில வருடங்களாகப் பழக்கம். பாட்டும் நட்டுவாங்கமும் முதலில் பதிவாகி எனக்கு வரும். அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே, வலது பக்கமான வலந்தலைக்கு ஒன்றும் இடது பக்கமான தொப்பிக்கு ஒன்றுமாக இரண்டு மைக் வைத்து வாசித்து, ஃபைலைத் திருப்பி அனுப்புவேன். கம்ப்யூட்டர் 2016-இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை ஐ5. மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக, இரண்டு உள்ளீடு உள்ள ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ். பதிவு செய்யும் மென்பொருள் ரீப்பர். விண்டோஸ் 10-இல் இதெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் பட்டியலில் என்னுடையது இல்லை. புது கம்ப்யூட்டர் வாங்கும் எண்ணமும் இல்லை, ஏனென்றால் இதில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அண்ணன் மகன் தீபாவளிக்கு வந்திருந்தான். "சித்தப்பா, லினக்ஸ் மின்ட் போட்டுத் தரேன். பழைய எஸ்எஸ்டியைக் கழட்டி அப்படியே வச்சிருங்க, பிடிக்கலைன்னா திரும்ப மாட்டிக்கலாம்" என்றான். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளம் அது. ரீப்பருக்கு லினக்ஸ் பதிப்பும் உண்டு என்பது தெரிந்ததும் சம்மதித்தேன். விண்டோஸ் இருந்த அந்தப் பழைய எஸ்எஸ்டி வட்டைப் பத்திரமாக வைத்ததுதான் இந்தக் கதையிலேயே நான் செய்த உருப்படியான காரியம்.

புது எஸ்எஸ்டியில் மின்ட் 22 ஏறியது. இன்டர்ஃபேஸை மாட்டியதும் டிரைவர் (கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) எதுவும் கேட்காமல் தானாகவே பேர் காட்டியது. யூஎஸ்பி ஆடியோவுக்கு ஒரு பொது வரையறை உண்டு. அதன்படி செய்த கருவி என்றால் லினக்ஸ் தன் பொது டிரைவரிலேயே அதை ஓட்டிவிடும். சந்தோஷமாக இருந்தது. மிருதங்கத்தை எடுத்து வைத்து, ரீப்பரில் மானிட்டரை (வாசிப்பதை அப்போதே ஹெட்ஃபோனில் கேட்கும் வசதி) போட்டு ஒரு 'நம்' தட்டினேன். ஹெட்ஃபோனில் 'நம்-நம்' என்று இரண்டாகக் கேட்டது.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. கம்ப்யூட்டர் ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்காது, வாளி வாளியாகத்தான் வாங்கும். அந்த வாளிதான் பஃபர். மின்ட் 22-இல் ஒலியைக் கையாளும் பைப்வயர், எதையும் மாற்றாமல் விட்டால் 1024 சாம்பிள் (ஒலியின் நுண் அளவீடு) கொண்ட வாளியை வைத்துக்கொள்ளும். நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால் ஒரு வாளி நிறைய 21.3 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, அதோடு கருவிக்குள் ஆகும் நேரம். பின்னால் அளந்து பார்த்தபோது மொத்தம் 47 மில்லிசெகண்ட் இருந்தது. காற்றில் அந்த நேரத்துக்குள் ஒலி பதினாறு மீட்டர் போய்விடும். கல்யாண மண்டபத்தில் மேடையில் வாசிப்பதைக் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று கேட்கிற மாதிரி.

பாடுகிறவர்களுக்கு இதில் பாதி தாமதம் இருந்தாலே குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். தாளக் கருவிக்காரனுக்குத் தொல்லை வேறு விதம். நிமிடத்துக்கு 90 அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) போகும் ஒரு காலப்பிரமாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரத்துக்கு எட்டுச் சொல் (மிருதங்கத் தட்டு) விழுந்தால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் இருப்பது 83 மில்லிசெகண்ட்தான். அதில் பாதிக்கு மேல் தள்ளி எதிரொலி வந்தால், வாசிக்காத சொல்லெல்லாம் காதில் விழும்.

விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் ஆசியோ. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த முறை அது. விண்டோஸின் பொது மிக்ஸரைத் தொடாமல், கருவியைச் செய்தவர்களே எழுதிய டிரைவர் வழியாக ரீப்பர் நேரடியாக இன்டர்ஃபேஸோடு பேசும். 128 சாம்பிள் வைத்து வருடக்கணக்கில் வாசித்திருக்கிறேன். அதனால் லேட்டன்சி என்றால் ஹெட்ஃபோனில் கேட்கும் தாமதம் மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் ஒரு குறுக்கு வழியைப் பிடித்தேன். இன்டர்ஃபேஸின் முகப்பில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் நேரே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். ரீப்பரில் மானிட்டரை அணைத்துவிட்டுக் குமிழைத் திருப்பினேன். எதிரொலி போயே போய்விட்டது. "அவ்வளவுதானா?" என்று டீச்சர் கேட்டிருந்த வர்ணம் என்ற நடன உருப்படியை உட்கார்ந்த இடத்தில் முழுவதும் வாசித்து அன்று இரவே அனுப்பிவிட்டேன். அதற்குத்தான் அந்த போன்.

இரண்டு நாள் சாதகம் முடித்து, மூன்றாம் நாள் அதே தீர்மானத்தை மிகக் கவனமாக மறுபடி வாசித்துப் பதிவு செய்தேன். திரையில் பெரிதாக்கி நட்டுவாங்கத்தில் தட்டும் கைத்தாளத்தின் அலைவடிவத்தையும் என்னுடையதையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். தாளத்தின் முனை ஊசி போல நிற்கும், அதனால் எங்கே விழுகிறது என்பதில் குழப்பமே வராது. என் சொற்கள் அதற்குப் பின்னால் 30, 32, 31, 29, 33 மில்லிசெகண்ட் என்று விழுந்திருந்தன. அங்கேதான் நிம்மதி வந்தது. மனிதன் வாசித்தால் ஒன்று முன்னே விழும், ஒன்று பின்னே விழும். என் கை இவ்வளவு சீராகத் தப்புச் செய்யக்கூடியது அல்ல.

பின்னே என்ன? அண்ணன் மகனுக்கு போன் போட்டேன். அவன் ஒரு ஒயரை எடுக்கச் சொன்னான். இன்டர்ஃபேஸின் பின்னால் உள்ள வெளியீட்டிலிருந்து முன்னால் உள்ள உள்ளீட்டுக்கு ஒரே ஒயர். ரீப்பரில் ஒரு கிளிக் டிராக்கை ஓட்டி, அது வெளியே போய் உள்ளே வருவதை இன்னொரு டிராக்கில் பதிவு செய்ய வேண்டும். மைக்கும் இல்லை, கையும் இல்லை. ஒழுங்காக இருந்தால் பதிவான கிளிக் அசல் கிளிக்குக்கு நேர் கீழே உட்கார வேண்டும். என்னுடையது 1,490 சாம்பிள் தள்ளி உட்கார்ந்திருந்தது. 31 மில்லிசெகண்ட்.

பழைய எஸ்எஸ்டியை மாட்டி விண்டோஸில் அதே சோதனையைச் செய்தேன். வித்தியாசம் 14 சாம்பிள். இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, பதிவு செய்வதில் இரண்டு தாமதங்கள் இருக்கின்றன. ஒன்று நம் காதுக்கு வருவது. இன்னொன்று டிராக்கில் எழுதப்படுவது. எந்த அமைப்பிலும் ஒலி போய்வர நேரம் எடுக்கத்தான் செய்யும். அது எவ்வளவு என்று டிரைவர் சரியாகச் சொன்னால், ரீப்பர் பதிவான துண்டை அந்த அளவு முன்னே இழுத்து வைத்துவிடும். ஆசியோ டிரைவரை எழுதியவர்களுக்குத் தங்கள் கருவிக்குள் எவ்வளவு நேரம் போகிறது என்று தெரியும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். நான் பல வருடம் இதைக் கவனித்ததே இல்லை, கவனிக்கவேண்டி வரவும் இல்லை. லினக்ஸின் பொது டிரைவருக்கு என் கருவியின் உள் விவரம் தெரியாது. போதாததற்கு, ரீப்பரில் ஆடியோ சிஸ்டம் என்ற இடத்தில் நான் பொதுப் பயன்பாட்டுக்கான பல்ஸ் ஆடியோவைத் தேர்ந்திருந்தேன். பாட்டுக் கேட்க, படம் பார்க்க அது போதும். பதிவுக்கு அது இடமல்ல. முகப்புக் குமிழ் முதல் தாமதத்தை மறைத்ததே தவிர இரண்டாவதைத் தொடவே இல்லை. எதிரொலி கேட்டிருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும்.

சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. முழுநேர வேலை என்றில்லை, மாலைகளில்தான்.

முதலில் ரீப்பரை ஜாக் வழியாக ஓடவைத்தோம். பால் டேவிஸ் லினக்ஸ் இசைக்காரர்களுக்காகத் தொடங்கிய முறை அது. ஆர்டர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளும் அவருடையதுதான். இப்போது பைப்வயரே ஜாக் வேடம் போட்டுக்கொள்கிறது, தனியாக சர்வர் ஓட்ட வேண்டாம். பைப்வயரின் வாளியை 128 என்று பூட்டினோம்.

வாளி சின்னதானதும் சோளப்பொரி வெடிக்கும் சத்தம். வாளி நிறைவதற்குள் கம்ப்யூட்டர் வந்து எடுக்கத் தவறினால் அப்படிக் கேட்கும், எக்ஸ்ரன் என்பார்கள். பைப்வயரோடு வரும் 'pw-top' என்ற கட்டளையை ஓட்டினால் எத்தனை தடவை தவறியது என்று ஒரு பத்தியில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றினோம். என் பயனர் கணக்கை ஆடியோ குழுவில் சேர்த்து, ஒலி வேலைக்கு மற்ற எல்லாவற்றையும்விட முன்னுரிமை தரலாம் என்று ஒரு விதி எழுதினான். எண் ஏறும் வேகம் குறைந்தது. பிராசஸர் மின்சாரம் மிச்சம்பிடிக்கத் தூங்கித் தூங்கி எழுவதை நிறுத்தி, முழு வேகத்திலேயே இருக்கச் செய்தான். இன்னும் குறைந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தொடங்கும்போதே, கையிலுள்ள வேலையைப் பாதியில் விட்டு அவசர வேலைக்கு ஓடும்படி ஒரு சொல்லைச் சேர்த்தான். அவசர வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க இருபது வருடமாகத் தனியாக வளர்ந்த ரியல்டைம் திருத்தங்கள் கெர்னல் 6.12-இலிருந்து லினக்ஸோடேயே வருகின்றன என்று அவன் உற்சாகமாக விளக்கினான். என்னிடம் இருந்தது 6.8. "அது வேணுமாடா?" என்றேன். "உங்களுக்கு வேண்டாம் சித்தப்பா" என்றான். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னான்.

இவ்வளவுக்குப் பிறகும் நிமிடத்துக்கு இரண்டு மூன்று வெடிப்பு மிச்சம் இருந்தது. இரண்டு மாலை அதிலேயே போயின. கடைசியில் பார்த்தால், கம்ப்யூட்டருக்குப் பின்னால் குத்தியிருந்த கட்டைவிரல் அளவு வைஃபை டாங்கிள். பிடுங்கினேன். எண் நின்றுவிட்டது. மறுபடி குத்தினேன், ஏறியது. இப்போது நெட்டுக்கு மோடத்திலிருந்து ஒயர் இழுத்திருக்கிறேன், கதவு இடுக்கு வழியாக. அழகாக இல்லை.

மீண்டும் ஒயர் சோதனை. போய்வரும் மொத்த நேரம் 485 சாம்பிள், அதாவது 10.1 மில்லிசெகண்ட். விண்டோஸில் இதே 128-க்கு 9.4 இருந்தது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். 64-ம் வைத்துப் பார்த்தேன். 7.4-க்கு வந்தது, ஆனால் பாட்டு டிராக்கில் கனமான ரிவெர்ப் இருந்தால் வெடிக்கிறது. 128-க்கே திரும்பிவிட்டேன். ஆகப் புது சிஸ்டத்தால் காதில் கேட்கும் தாமதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டிராக்கில் எழுதப்படும் தாமதம்தான் பாக்கி. 485-இல் இரண்டு வாளி, 256, ரீப்பருக்குத் தெரியும். தெரியாதது 229. ரீப்பரின் அமைப்புகளில் ரெக்கார்டிங் பக்கத்தில் நாமே ஒரு எண்ணைக் கொடுக்க இடம் இருக்கிறது. அங்கே 229 என்று எழுதினேன். சோதித்தேன். கிளிக் கிளிக்கின் கீழேயே உட்கார்ந்தது. இன்டர்ஃபேஸை அணைத்துப் போட்டால் சில சாம்பிள் முன்பின் ஆகிறது, பத்து சாம்பிள் என்றால் 0.2 மில்லிசெகண்ட். அதற்கெல்லாம் டீச்சரே ஒன்றும் சொல்ல மாட்டார்.

வர்ணத்தை மறுபடி வாசிக்கவில்லை. முதலில் வாசித்த ஃபைலையே 1,490 சாம்பிள் முன்னே நகர்த்தி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "இப்ப கச்சிதமா இருக்குண்ணா. திரும்ப வாசிச்சீங்களா?" உண்மையைச் சொல்லிவிட்டேன். அவருக்கு முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் என் கை மேல் தப்பில்லை என்பது மட்டும் அவருக்குப் பதிய வேண்டும் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அந்த ஒயரை இப்போது மைக் ஸ்டாண்டிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். அதில் சுற்றிய வெள்ளை டேப்பில் 229 என்று பேனாவால் எழுதியிருந்தேன். போன மாதம் ஒரு அப்டேட் வந்தது. பதிவைத் தொடங்குமுன் ஒயரை மாட்டிப் பார்த்தேன். டேப்பில் 229-ஐ அடித்துவிட்டு 245 என்று எழுதியிருக்கிறேன்.