மேல் வீட்டு கிரைண்டர்: ஒரு கோடைக்கால நாட்குறிப்பு

ஏப்ரல் 2

இன்னிக்கும் விடியக்காலை நாலேகாலுக்கு ஆரம்பிச்சிடுச்சு. முதல்ல தரையில அண்டா வைக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஏதோ இழுக்கிறாங்க, அப்புறம் அந்த கரகரப்பு, அதுக்கு நடுவுல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டக், டக், டக். காதுல கேக்கறதை விட கட்டில்ல தெரியுது, தலையணையில தலையை வெச்சா உள்ளுக்குள்ளயே அதிருது. மூணு மணிக்கு பால் குடுத்து, தோள்ல போட்டு தட்டி, மெதுவா கீழ கிடத்தி இப்பதான் கண் அசந்தேன். குட்டி தூக்கத்துலயே ரெண்டு கையையும் விரிச்சு தூக்கிப்போட்டு வீல்னு அழுதான். மூணு மாச குழந்தைங்க திடீர் சத்தத்துக்கு அப்படித்தான் பண்ணும், அது நார்மல்னு டாக்டர் சொல்லிட்டார், ஆனா தினமும் ஒரே நேரத்துல அவன் அப்படி பதறி எழுந்துக்கறதை பாக்க எனக்கு மனசு தாங்கல.

மடிப்பாக்கத்துல இந்த வீட்டுக்கு நாங்க வந்து நாலு வருஷம் ஆகுது. மூணாவது மாடி, எங்களுக்கு மேல ஒரே ஒரு மாடிதான். போன மாசம்தான் அங்க புதுசா வாடகைக்கு வந்திருக்காங்க.

ஏப்ரல் 4

அண்ணன் வந்திருந்தான். சைட் இன்ஜினியர், அதனால இதை ஒரு கட்டட விஷயமா பாத்து விளக்கினான், எனக்கு அது ரொம்ப உதவியா இருந்துச்சு. அவன் சொன்னது: ரேடியோ, டிவி, பேச்சுச் சத்தம் எல்லாம் காத்து வழியா வருது, கதவு ஜன்னலை இறுக்கி சாத்தினா பாதி குறையும். ஆனா நாற்காலி இழுக்கறது, குழந்தைங்க குதிக்கறது, மெஷின் அதிர்றது இதெல்லாம் கான்கிரீட் வழியா இறங்குது. நம்ம ஊர் ஃப்ளாட்ல ஸ்லாப் பெரும்பாலும் அஞ்சு இன்ச், அதுக்கு மேல நேரா சிமெண்ட், டைல்ஸ், நடுவுல மெத்துனு எதுவுமே கிடையாது. அதனால மேல தட்டினா கீழ நம்ம சீலிங்கே ஸ்பீக்கர் மாதிரி வேலை செய்யும்.

சீலிங்ல தெர்மாக்கோல் ஒட்டலாமான்னு இவர் கேட்டாரு. காசுதான் வேஸ்ட் ஆகும் மாப்ளே, அதிர்வு சுவர் வழியாவும் இறங்கும், எதை பண்ணாலும் அந்த மெஷின் தரையைத் தொடற இடத்துலதான் பண்ணணும், கீழ இருந்து பண்றது எதுவும் முழுசா நிக்காதுன்னான். கட்டிலோட தலைப்பக்கம் சுவரை ஒட்டி இருந்துச்சு, அதை ஒரு அடி தள்ளிப் போட சொன்னான். போட்டோம். தலைக்குள்ள வர்ற அந்த அதிர்வு கொஞ்சம் குறைஞ்சுது, சத்தம் குறையல.

ஏப்ரல் 6

ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு மேல போனேன், குட்டியையும் தூக்கிட்டு. இவர் நான் போறேன்னாரு, ஆம்பளை போய் கதவைத் தட்டினா சண்டைக்கு வந்த மாதிரி ஆயிடும்னு நான்தான் போனேன்.

கதவைத் திறந்த அக்காவுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கையெல்லாம் மாவு. உள்ள வாம்மான்னு கூப்பிட்டு குட்டியை பாத்ததும் கையைக் கழுவிட்டு ஓடி வந்து வாங்கிக்கிட்டாங்க. இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்க. வீட்டுக்காரருக்கு கம்பெனியில வேலை போய் ஒரு வருஷமா இதுதான் குடும்பத்துக்கு வருமானம். ரெண்டு டிபன் கடைக்கும் சுத்தி இருக்கற வீடுங்களுக்கும் போகுது. கோயம்புத்தூர்ல இருந்து வாங்கின பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர், கிச்சன்ல நுழையாதுன்னு பின்பக்க பெட்ரூம்ல வெச்சிருக்காங்க, அது சரியா எங்க கட்டிலுக்கு மேல.

ஏன்க்கா அவ்ளோ காலையிலன்னு கேட்டேன். அப்பதான் புரிஞ்சுது. கடைக்காரங்களுக்கு காலை ஏழு மணிக்குள்ள புளிக்காத மாவு வேணும், அவங்க பக்குவத்துக்கு அவங்க புளிக்க வெச்சுப்பாங்க. ராத்திரியே அரைச்சு வெளிய வெச்சா விடியறதுக்குள்ள பொங்கிடும். பகல்ல அரைச்சாலும் இந்த வெயில்ல கல்லு ஓட ஓட சூடாகி மாவும் சூடாயிடுது, சாயங்காலத்துக்குள்ள புளிச்சு வாடை வந்துடுது, கடையில திருப்பி அனுப்பிடறாங்க. விடியக்காலை குளிர்ச்சியில அரைச்சா உளுந்தும் நல்லா உபரி காணுது. அவங்க சொல்ற கணக்குல ஒரு தப்பும் இல்ல.

ரூம் கதவை சாத்திட்டுதான்மா போடறேன், கீழ கேக்கும்னு நினைக்கவே இல்லன்னு சொன்னாங்க. குட்டி எழுந்து அழறான்னு சொன்னதும் அவங்க முகம் வாடிப்போச்சு. எனக்கும் என்னவோ மாதிரி ஆயிடுச்சு. கிரைண்டருக்கு அடியில ஒரு பலகை போட்டிருந்தாங்க, டைல்ஸ் கீறக் கூடாதுன்னு. பலகை டைல்ஸைக் காப்பாத்தும், அதிர்வை அப்படியே கீழ அனுப்பிடும்.

ஏப்ரல் 9

அக்கா பலகையை எடுத்துட்டு கோணியை மடிச்சு போட்டிருக்காங்க. அண்டா வைக்கிற சத்தம் சுத்தமா போயிடுச்சு, அதுக்கே நன்றி சொல்லணும். ஆனா கரகரப்பும் அந்த டக்கும் அப்படியே இருக்கு.

இதுக்குள்ள விஷயம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்புக்கு போயிடுச்சு. நான் போடல, பக்கத்து ஃப்ளாட்ல போட்டிருக்காங்க. கமர்ஷியல் யூஸ், கரண்ட் பில் டொமஸ்டிக்கா, ஓனருக்கு சொல்லி காலி பண்ண வைங்க, நூறுக்கு போன் போடுங்கன்னு ஆளாளுக்கு. செக்ரட்டரி சார் எனக்கு தனியா போன் பண்ணி நீங்கதான் பாதிக்கப்பட்டவங்க, ஒரு கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுங்க போதும், மீதியை நாங்க பாத்துக்கறோம்னாரு. யோசிச்சு சொல்றேன் சார்னு வெச்சுட்டேன்.

ஏப்ரல் 10

எங்க சித்தி பொண்ணு வக்கீல், அவகிட்ட பேசினேன். 2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்பு பகுதியில சத்தம் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45 வரைக்கும்தான் இருக்கலாம். ராத்திரின்னா பத்து மணியில இருந்து காலை ஆறு மணி வரைக்கும். அப்ப நாலேகால் ராத்திரி கணக்குலதான் வருது. அளவை விட 10 டெசிபல் அல்லது அதுக்கு மேல தாண்டினா புகார் குடுக்கலாம். லவுட் ஸ்பீக்கர், பட்டாசு, ஹாரன், வீடு கட்டற மெஷின் இதுக்கெல்லாம் ராத்திரியில தெளிவான தடை இருக்கு, 2005ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பும் இதுல பலமா நிக்குது. ஆனா ஒரு வீட்டுக்குள்ள ஓடற கிரைண்டரோட அதிர்வு கீழ் வீட்டுக்கு மட்டும் இறங்குதுன்னா அதை அந்த விதிக்குள்ள கொண்டு வந்து நிரூபிக்கறது கஷ்டம், பொதுத் தொல்லைன்னு பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இப்ப இருக்கற குற்றவியல் சட்டத்தோட 292வது பிரிவுல போனாலும் அதிகபட்சம் ஆயிரம் ரூபா அபராதம், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் மூஞ்சியில முழிக்க முடியாம இருப்பீங்கக்கான்னா.

ராத்திரி போன்ல ஒரு ஆப் போட்டு அளந்தேன். போன் மைக் துல்லியம் கிடையாது, ஒப்பிட்டுப் பாக்கத்தான் ஆகும். ஃபேனை நிறுத்திட்டு பாத்தா சும்மா இருக்கறப்ப 34, கிரைண்டர் ஓடறப்ப 46 பக்கம். 10 டெசிபல் ஏறினா ஒலியோட ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ரெண்டு மடங்கா தெரியும். தூங்கற குழந்தைக்கு இது சின்ன விஷயம் இல்ல.

ஏப்ரல் 13

அசோசியேஷன் மீட்டிங். கார் பார்க்கிங்ல பிளாஸ்டிக் சேர் போட்டு. நான் போனதே ஒரு விஷயத்தை எல்லார் முன்னாடியும் சொல்லத்தான். எனக்கு சத்தம் நிக்கணும், அவங்க பொழப்பு நிக்கக் கூடாது, காலி பண்ண வைக்கிறதுக்கு என் பேரை உபயோகிக்காதீங்கன்னு சொன்னேன். கொஞ்சம் குரல் உயர்ந்துதான் போச்சு. இதே பில்டிங்ல சொந்தக்காரங்க ஒருத்தர் இன்டீரியர் வேலைன்னு ரெண்டு மாசம் காலையில இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் டிரில்லிங் போட்டாரு, அப்ப யாரும் மீட்டிங் போடல. வாடகைக்கு இருக்கறவங்கன்னா மட்டும் முதல் வார்த்தையே காலி பண்ணுன்னு வருது, இது எனக்கு சுத்தமா பிடிக்கல, அதையும் சொன்னேன். ரெண்டு மூணு பேர் முகத்தை திருப்பிக்கிட்டாங்க. செக்ரட்டரி சார் மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்னு முடிச்சாரு. அக்கா கடைசி வரிசையில உக்காந்து ஒரு வார்த்தை பேசல.

ஏப்ரல் 14

புத்தாண்டு. மாங்காய் பச்சடி, வடை, பாயசம். மேல இருந்து அக்கா பொண்ணு ஒரு தூக்கு நிறைய உளுந்து மாவு கொண்டு வந்து குடுத்துட்டு போச்சு. ராத்திரி ரெண்டாவது மாடி பசங்க ஸ்பீக்கர் போட்டாங்க, பத்து மணிக்கு வாட்ச்மேன் அண்ணா போய் சொன்னதும் நிறுத்திட்டாங்க.

ஏப்ரல் 17

இன்னிக்குதான் நிஜமாவே வேலை நடந்துச்சு. அண்ணனையும், அவனுக்குத் தெரிஞ்ச கிரைண்டர் மெக்கானிக் ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு மேல போனோம். மெக்கானிக் மூடியைத் திறந்து கல்லை கையால ஆட்டிப் பாத்தாரு, அவ்ளோதான், கண்டுபிடிச்சுட்டாரு. குழவிக்கல்லு மாட்டியிருக்கற ஷாஃப்ட்ல புஷ், அதாவது கல்லு ஆடாம பிடிச்சுக்கற வளையம், தேஞ்சு போய் கல்லு ஆடுது, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு இடத்துல தூக்கி விழுது, அதுதான் டக். பெல்ட்டும் லூஸ். அடியில இருக்கற ரப்பர் காலு நாலும் காஞ்சு கல்லு மாதிரி ஆயிருக்கு. இப்படியே விட்டிருந்தா இன்னும் ரெண்டு மாசத்துல மோட்டாரும் போயிருக்கும்மான்னு அக்காகிட்ட சொன்னாரு. புஷ், பெல்ட், ரப்பர் எல்லாம் மாத்தினாரு.

அண்ணன் பாரிஸ் கார்னர்ல இருந்து மெஷினுக்கு அடியில போடற தடி ரப்பர் ஷீட் வாங்கிட்டு வந்திருந்தான், அதை நாலு துண்டா வெட்டி ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு அடுக்கா வெச்சான். முழு ஷீட்டா விரிக்கிறதை விட காலுக்கு காலு வெச்சா ரப்பர் நல்லா அமுங்கி குடுக்கும்னான். அப்புறம் கிரைண்டரை ரூம் நடுவுல இருந்து மூலைக்கு, பீமும் தூணும் சேர்ற இடத்துக்கு தள்ளினாங்க, நடு ஸ்லாப் அதிர்ற அளவுக்கு ஓரம் அதிராதாம். ரப்பர் செலவு நான் குடுக்கறேன்னேன், அக்கா ஒத்துக்கவே இல்ல, கடைசியில பாதி பாதி.

நேரத்தைப் பத்தியும் பேசினோம். எங்க மாமியார் சமையல் ஆர்டர் எடுத்தவங்க, திருச்சியில இருந்து போன்லயே அக்காகிட்ட பேசினாங்க. உளுந்தை ஃப்ரிட்ஜ்லயே ஊற வைம்மா, அரைக்கறப்ப ஐஸ் தண்ணி தெளி, கல்லு சூடே ஏறாது, அரைச்ச உடனே ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுன்னாங்க. அக்கா தயங்கித்தான் சரின்னாங்க. கடைக்கு போறதை சாயங்காலம் அப்படி அரைச்சு பாக்கறது, வீடுங்களுக்கு போறதை காலை ஆறு மணிக்கு மேல அரைக்கறதுன்னு முடிவு.

ஏப்ரல் 22

குட்டி அஞ்சரை வரைக்கும் தூங்கினான்! நானும் தூங்கினேன். ஆறு மணிக்கு கிரைண்டர் ஓடறது தெரியுது, ஒரு மெல்லிசான உறுமல், அளந்தா 38 காட்டுது, டக் சுத்தமா இல்ல. ஐஸ் தண்ணி மாவு ஒரு கடைக்கு பிடிச்சிருக்கு, இன்னொருத்தர் இட்லி கொஞ்சம் கனமா வருதுங்கறாராம், உளுந்து அளவை கொஞ்சம் கூட்டி பாக்கறாங்க. பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணு வாங்கணும், இருக்கறது பத்தலன்னாங்க. எங்க குரூப்லயே ஒரு வீட்டுல சும்மா கிடந்துச்சு, சொல்லி விட்டேன்.

செக்ரட்டரி சாருக்கு போன் பண்ணி கம்ப்ளெயிண்ட் எதுவும் இல்லன்னு சொல்லிட்டேன், அப்படியே டிரில்லிங் வேலைக்கு நேரம் வைக்கிறதை அடுத்த மீட்டிங்ல எடுக்கணும்னு எழுதிக் குடுத்தேன்.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். நேத்து மத்தியானம் மூணு மணி நேரம் கரண்ட் இல்ல, அக்காவுக்கு ஃப்ரிட்ஜ்ல இருந்த ஒரு அண்டா மாவு பொங்கி வழிஞ்சு போச்சு. சாயங்காலம் தயங்கித் தயங்கி கீழ வந்து, இந்த கத்திரி முடியற வரைக்கும் மட்டும் காலையில அரை மணி நேரம் முன்னாடி, அஞ்சரைக்கு போட்டுக்கட்டுமாம்மான்னு கேட்டாங்க. குட்டி இப்ப அந்த நேரத்துக்கு முழிச்சுதான் இருக்கான். போட்டுக்கோங்கக்கா, மே 28 வரைக்கும்னு சொன்னேன்.

மே 11

மீட்டிங்ல டிரில்லிங், உடைக்கிற வேலை எல்லாம் காலை ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான், ஞாயித்துக்கிழமை கிடையாதுன்னு தீர்மானம் போட்டாச்சு. ஓனர், டெனன்ட் எல்லாருக்கும் ஒரே விதின்னு எழுதணும்னு கேட்டேன், எழுதினாங்க. கையெழுத்து போட்டவங்கள்ல அக்காவும் ஒருத்தங்க.